சத்தமுள்ள ஊருக்கே போகலாம்

வால்யூம் அக்கா பெட்டிகளின் கைப்பிடியில் நூல் கட்டிக்கொண்டிருந்தார். ஆரஞ்சு நிறக் கம்பளி நூல். விமான நிலையத்தில் எல்லாப் பெட்டியும் கறுப்பாகத்தான் உருண்டு வரும், நம்முடையது தூரத்திலிருந்தே தெரிய வேண்டும் என்று சொல்லியிருந்தார். இடது கை பெட்டியைப் பிடித்திருக்கும். வலது கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் சேர்ந்து ஒரு சுழற்று, ஒரு இழுப்பு, முடிச்சு விழுந்துவிடும். கண் அந்தப் பக்கமே போகாது. நூல் மில்லில், ஓடுகிற மெஷினை நிறுத்தாமல் அறுந்த இழையை ஒட்டிப் பழகிய கை.

அவர் தலைக்கு மேலே சண்டை நடந்துகொண்டிருந்தது. சாப்பாட்டு மேஜைக்கு ஒரு பக்கம் அக்காவின் மகள், கையில் போன், போனில் ஓர் ஏரிப் படம். எதிர்ப்பக்கம் மாப்பிள்ளை, முன்னால் மடிக்கணினி, அதில் மணிக்கூண்டும் சதுக்கமும் எறும்பு மொய்த்தாற்போல் ஜனமும். விமானச் சீட்டு எடுத்தாயிற்று. இறங்கப்போவது அந்தப் பெரிய நகரத்தில்தான். இறங்கிய பிறகு அங்கேயே தங்குவதா, ரயில் பிடித்து ஏரிக்கரைச் சிற்றூருக்குப் போவதா என்பதுதான் வழக்கு.

"காலண்டர்ல பாக்குற ஊரை விட்டுட்டு, பேரே தெரியாத ஊருக்கா கூட்டிட்டுப் போவாங்க? திரும்பி வந்ததும் எங்க போனீங்கன்னு கேட்டா அத்தை என்ன சொல்வாங்க? தண்ணி பாத்தேன், வாத்து பாத்தேன்னா?" என்றார் மாப்பிள்ளை.

"அம்மாவுக்குக் கூட்டம் ஆகாது. காது மெஷினை மாட்டிக்கிட்டு அந்த இரைச்சல்ல நின்னா தலைவலி வந்துடும். அமைதியா நாலு நாள் இருக்கட்டும்."

"அமைதிக்கு எதுக்கு விமானம்? நம்ம வீட்டு டிவியை அணைச்சா போதும்."

"நீங்க வரப்போறதில்ல. உங்களுக்கு ஓட்டு கிடையாது."

"சித்தி, நீங்க சொல்லுங்க," என்று இருவரும் என் பக்கம் திரும்பினார்கள்.

நான் அக்காவுக்கு ஓரகத்தி. அவர் அண்ணன் மனைவி, நான் தம்பி மனைவி. இருவர் வீட்டுக்காரர்களும் காலமான பிறகு ஒரே வீட்டில், மாடியில், ஒரே சமையலறையில் இருக்கிறோம். நான் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பயிற்சி பெற்று, ஓய்வு பெறும் வரை அந்த வேலை செய்தவள். எங்கே போவதென்றாலும் எனக்குக் கேள்வி ஒன்றுதான். "கழிப்பறை எங்கே இருக்கு, வழியில உட்கார இடம் இருக்கா, மருந்துக்கடை எவ்வளவு தூரம்? அதைச் சொல்லுங்க, அப்புறம் அழகைப் பத்திப் பேசலாம்," என்றேன்.

அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்து முகவாயைத் தூக்கினார். என்னவாம் இவர்களுக்கு?

நான் வலது உள்ளங்கையைக் கவிழ்த்து மெதுவாகக் கீழே அமுக்கினேன். அது அமைதி. இடது கை விரல்களைக் குவித்துக் குவித்து விரித்தேன். அது கூட்டம். அவ்வளவு நீளச் சண்டையும் எங்கள் பாஷையில் இவ்வளவுதான்.

அக்கா இரண்டு கையையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "எங்க போனா என்ன? எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்," என்றார், எதிர்வீட்டுக்கும் சேர்த்து. அப்புறம் அடுத்த பெட்டியை இழுத்துக்கொண்டார்.

அந்தக் குரலால்தான் அவருக்கு வால்யூம் என்று பெயர். பத்தொன்பது வயதில் மில்லில் சேர்ந்தவர். நூற்கும் மெஷின்கள் வரிசை வரிசையாக ஓடும் கூடம் அது. பக்கத்தில் நிற்பவள் காதில் வாய் வைத்துக் கத்தினாலும் பாதி காற்றில் போகும். அதனால் அங்கே பெண்கள் உதட்டைப் பார்த்தும் கையைப் பார்த்தும் பேசிக்கொண்டார்கள். யாரும் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்ததல்ல, யாரும் எழுதி வைத்ததுமல்ல. தேவைப்பட்டதால் வந்தது. இரண்டு ஆள்காட்டி விரலையும் கொக்கியாகக் கோத்து வெடுக்கென்று பிரித்தால் இழை அறுந்துவிட்டது. மேலுதட்டில் மீசையை முறுக்கினால் மேஸ்திரி வருகிறார். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, குறுக்காக வைத்து, பிரித்து, மறுபடி குறுக்காக வைத்தால் டீ நேரம், வா. கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்குத் தெரிய வேண்டுமல்லவா, அதனால் அது பெரிய சைகை.

எனக்கு இதெல்லாம் வந்தது மாமியாரின் புண்ணியத்தில். கூட்டுக்குடித்தனம். மாமியாருக்குக் கண் நன்றாகத் தெரியும், காது அதைவிட நன்றாகக் கேட்கும். கையைப் படிக்க மட்டும் தெரியாது. அவர் நடுவில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருக்க, அவர் தலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நாங்கள் இருவரும் நாள் முழுக்கப் பேசுவோம். மாமியார் வருகிறார் என்பதற்கும் மீசைதான். ஒருநாள் அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "ரெண்டு பேருக்கும் மேலுதட்டுல அப்படி என்னடி ஓயாத அரிப்பு?" என்று கேட்டார். அக்கா சிரிப்பை அடக்கத் தண்ணீர்க் குடத்தோடு வெளியே ஓடியது இன்றும் கண்ணில் நிற்கிறது.

மில் அவர் காதை ஒரேயடியாகப் பிடுங்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டது. முதலில் குருவிச் சத்தம் போயிற்று, அப்புறம் குக்கர் விசில், அப்புறம் கதவு தட்டும் ஒலி. காது மெஷின் வாங்கிக் கொடுத்தார்கள். அது எல்லாச் சத்தத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டி உள்ளே கொட்டும். "ஆயுசு முழுக்க மெஷின் பக்கத்துல நின்னேன். இப்ப மெஷினை எடுத்துக் காதுக்குள்ளயே வெச்சுட்டாங்க," என்பார்.

அதெல்லாம் சமாளித்தார். சமாளிக்க முடியாமல் போனது வேறொன்று. போன வருடம் எங்கள் தெருமுனையில் பின்னாலிருந்து வந்த இருசக்கர வண்டி அவரை உரசிக்கொண்டு போயிற்று. ஓட்டியவன் ஹாரன் அடித்தானாம். அக்காவுக்கு எங்கே கேட்கும்? எலும்புக்கு ஒன்றுமில்லை. முழங்கையில் சிராய்ப்பு, நானே கழுவிக் கட்டினேன், நன்றாக ஆறியது. ஆனால் அதற்குப் பிறகு அக்கா தனியாகப் படி இறங்கவில்லை. பால் வாங்கவும் நான், பல் வலிக்குக் கூட்டிப்போகவும் நான். நான் கூட நடந்தாலும் நிமிடத்துக்கு ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்ப்பார்.

என் வேலையில் இதை எத்தனையோ வீட்டில் பார்த்திருக்கிறேன். முதலில் தெரு போகும். பிறகு வாசல். பிறகு பால்கனி. கடைசியில் கட்டிலும் கழிப்பறையும் மட்டும் மிஞ்சும். உடம்பில் ஒரு நோயும் இருக்காது, ஆள் படுத்தபடி ஆகிவிடுவார். வெளியே போகும் மனது போய்விட்டால் அதை மருந்துக்கடையில் வாங்க முடியாது. டாக்டரும், "எங்கயாவது கூட்டிட்டுப் போங்க, பழக்கமில்லாத இடமா இருந்தா நல்லது," என்றார். இந்தப் பயணமே அதற்காகத்தான். அக்கா மறுபடி தன் காலில் வெளியே இறங்குவாரா, மாட்டாரா? பெட்டி கட்டும்போது மகளும் நானும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளாமல் நினைத்தது அது ஒன்றைத்தான்.

மகள் பக்கம்தான் தீர்ப்பானது. ஏரிக்கரையில் தங்கல், திரும்பும் முன் கடைசியாகக் கொஞ்சம் நகரம். மாப்பிள்ளை, "வாத்தைக் கேட்டதா சொல்லுங்க அத்தை," என்று காகிதத்தில் எழுதிக் காட்டி வழியனுப்பினார்.

ஊர் அழகான ஊர்தான். பொய் சொல்லக்கூடாது. சாய்வான கூரை வீடுகள், ஜன்னலுக்கு ஜன்னல் பூத்தொட்டி, கண்ணாடி போல ஏரி, பின்னால் மலை. நாங்கள் தங்கிய வீட்டில் படுக்கை சரியான உயரம், குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி. உட்கார மட்டும் ஏரிக்கரையில் ஒரே ஒரு பெஞ்சு. மருந்துக்கடை ஏரிக்கு அந்தப்பக்கம், படகில் போக வேண்டும். ஏரி அழகாக இருக்கிறது என்பதற்காக யாருக்கும் தலைசுற்றல் வராமல் இருந்துவிடாது.

அது போகட்டும். தொல்லை வேறிடத்தில் வந்தது. அமைதியான ஊரில் ஜனத்துக்கு நேரம் இருக்கிறது. எதிரே வருகிறவர் ஒவ்வொருவரும் நின்றார்கள், சிரித்தார்கள், ஏதோ கேட்டார்கள், பதிலுக்குக் காத்திருந்தார்கள். நல்ல மனிதர்கள். அக்கா தலையாட்டுவார். அவர்கள் இன்னும் மெதுவாக, இன்னும் அன்பாக, மறுபடி கேட்பார்கள். மகள் குறுக்கே வந்து அம்மாவுக்குக் காது கேட்காது என்று சொல்வாள். உடனே அவர்கள் முகம் இளகும். கையைப் பிடித்துக்கொள்வார்கள். ரொட்டிக் கடையில், தபால் நிலைய வாசலில், பூத்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றும் பெண்மணியிடம் என்று எங்கு போனாலும் இதே கதை.

"ஏய், இந்த ஊர்ல எல்லாரும் என்னையே பாக்குறாங்கடி," என்றார் அக்கா. அவர் சொன்னது அந்தத் தெரு முழுக்கக் கேட்டது. எல்லாரும் பார்த்தார்கள்.

அப்புறம் படகு விவகாரம். மகளும் நானும் மருந்து வாங்க அக்கரைக்குக் கிளம்பினோம். அக்கா, "நீங்க போய்ட்டு வாங்க, நான் பெஞ்சுல உக்காந்திருக்கேன்," என்றார். கரையிலிருந்து கண்ணுக்கு எட்டும் தூரம்தான். சரி என்று ஏறினோம். சின்னப் படகு, ஊர்க்காரர்கள் கொஞ்சம் பேர். படகு ஏரியின் நடுவை எட்டும்போது கரையில் பெஞ்சுக்குப் பக்கத்துத் தேநீர்க் கடையின் கதவு திறந்தது. அக்காவுக்கு ஆசை வந்துவிட்டது. எழுந்து நின்று, எங்களைப் பார்த்து, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, குறுக்காக வைத்துப் பிரித்தார். சீக்கிரம் வாருங்கள், டீ குடிக்கலாம்.

படகுக்காரர் அதைப் பார்த்தார். அவர் கண்ணுக்கு அது டீயாகத் தெரியவில்லை. ஒரு வயதான அம்மாள் தண்ணீரின் ஓரத்தில் நின்று உயிரைக் காப்பாற்றச் சொல்லி அலறுகிறார். சங்கு ஊதினார், படகை அரைவட்டமாகத் திருப்பினார், எல்லாரும் ஒரு பக்கமாகச் சாய்ந்தோம். "இல்லை, இல்லை, டீ!" என்று நான் கத்தியது அவருக்கு எந்த மொழியில் புரியும்? நாங்கள் கரை சேர்வதற்குள் கடைக்காரர் மிதவை வளையத்தோடு ஓடி வந்திருந்தார். பூத்தொட்டிப் பெண்மணி கம்பளியைக் கொண்டுவந்து அக்காவைச் சுற்றிக் கட்டியிருந்தார். அக்கா கம்பளிக்குள்ளிருந்து திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தார், நனையாத ஆள்.

மகள் விஷயத்தை விளக்கினாள். யாரும் சிரிக்கவில்லை, யாரும் திட்டவில்லை. புரிந்தது, புரிந்தது என்று மென்மையாகத் தலையாட்டினார்கள். படகுக்காரரே போய் ஒரு கோப்பைத் தேநீர் வாங்கிவந்து அக்காவின் கையில் வைத்தார். அதுதான் மோசமாகப் போயிற்று. இரண்டு வார்த்தை ஏசியிருந்தால் அக்கா திருப்பி நாலு வார்த்தை ஏசியிருப்பார், அத்தோடு தீர்ந்திருக்கும். இரக்கத்தை என்ன செய்வது?

மகளுக்கு முகம் சிவந்துவிட்டது. சின்ன வயதிலேயே பள்ளிக்கூட வாசலில் அம்மா கையை ஆட்டிக் கூப்பிடுவது அவளுக்குப் பிடிக்காது. அம்மாவின் முன்னால் குனிந்து உதடு தெரியும்படி சொன்னாள். "இங்க கையை ஆட்டாதம்மா. ப்ளீஸ்."

அக்கா தேநீரைக் குடித்து முடித்தார். கோப்பையைக் கீழே வைத்தார். இரண்டு கையையும் ஸ்வெட்டர் பைக்குள் விட்டுக்கொண்டார்.

அன்று மாலையும் மறுநாளும் அந்தக் கைகள் சாப்பிட மட்டுமே வெளியே வந்தன. காது மெஷினைக் கழற்றி அதன் டப்பாவில் போட்டு மூடினார். ஏரியைப் பார்க்கக் கூப்பிட்டால் வேண்டாமென்று தலையசைத்தார். மகள், "ஓய்வு எடுக்கட்டும் சித்தி, அம்மா முகம் எவ்வளவு அமைதியா இருக்கு பாருங்க," என்றாள். எனக்கு அது அமைதியாகப் படவில்லை. அக்காவின் வாய் பேசாவிட்டால் ஓய்வு என்று எடுத்துக்கொள்ளலாம். கை பேசாவிட்டால் அது நோய்க்குறி. அந்த முகத்தை நான் கட்டில்களில் பார்த்திருக்கிறேன்.

அதற்கடுத்த நாள் காலை உணவின்போது சொன்னேன். "பெட்டியைக் கட்டு. இன்னைக்கே நகரத்துக்குப் போயிடலாம்."

"சித்தி! இந்த அமைதியிலயே அம்மா இப்படி இருக்காங்க. அந்தக் கூட்டத்துல என்ன ஆவாங்க?"

"இந்த அமைதியிலதான்டி இப்படி இருக்காங்க."

"அங்க ஏதாவது ஆயிடுச்சுன்னா?"

"எதுக்கு நாம ரெண்டு பேரும் அடிச்சுக்கறோம்? ஆள் இங்கதானே உக்காந்திருக்காங்க. கேப்போம்."

மகள் தயங்கினாள். நான் அக்காவின் முன்னால் உட்கார்ந்து கையால் கேட்டேன். கவிழ்த்த உள்ளங்கை, குவித்து விரித்த விரல்கள். எது வேண்டும்? அக்கா என்னைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். பிறகு பையிலிருந்து மெல்லக் கைகளை எடுத்து, இரண்டு விரலையும் கோத்து, வெடுக்கென்று பிரித்தார்.

இழை அறுந்துவிட்டது. இந்த ஊர் போதும். மகளுக்கும் அந்தச் சைகை தெரியும். எழுந்து போய்ப் பெட்டியைத் திறந்தாள்.

நகரம் ரயில் நிலையத்திலேயே எங்களை இடித்துத் தள்ளி வரவேற்றது. உருளைப் பெட்டிகள் கல் தரையில் கடகடக்க, கொடி பிடித்த வழிகாட்டிகளின் பின்னால் மந்தை மந்தையாக ஆட்கள், பாட்டுக்காரர்கள், மணியோசை, குழந்தைகளின் அழுகை. நான் முதலில் கவனித்ததைச் சொல்லிவிடுகிறேன். அடிக்கு ஒரு பெஞ்சு. முனைக்கு ஒரு கழிப்பறை, அம்புக்குறி போட்டு. தங்குமிடத்துக்குக் கீழேயே மருந்துக்கடை. கூட்டம் வருகிற ஊர் கூட்டத்துக்குத் தேவையானதைச் செய்து வைத்திருக்கிறது. இதை எந்த அழகான படத்திலும் போட மாட்டார்கள்.

சதுக்கத்தின் ஓரத்தில் அக்காவை உட்கார வைத்தோம். அவர் எதிரே இருந்த சீட்டு வாங்கும் ஜன்னலையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே ஒருவர் மூன்று விரலைக் காட்டினார். உள்ளே இருந்தவர் தலையை ஆட்டிக் கடிகாரத்தைத் தொட்டுக் காட்டினார். வந்தவர் தோளைக் குலுக்கினார். அடுத்து ஒரு பெண், இரண்டு விரல், கூடவே உயரம் குறைவாக ஒரு கை. ஒரு குழந்தையும் உண்டு. உள்ளே இருந்தவர் கட்டைவிரலைத் தூக்கினார். பழச்சாறு வண்டியில், படம் விற்பவனிடம், புகைப்படம் எடுத்துத்தரச் சொல்லிக் கேட்கும் ஆட்களிடம், யாருக்கும் யார் மொழியும் தெரியவில்லை. எல்லாரும் கையைத்தான் ஆட்டிக்கொண்டிருந்தார்கள்.

அக்கா என் தொடையில் ஓர் அடி வைத்தார். "ஏய்! இங்க எல்லாருமே செவிடுதான்டி!"

உச்சக் குரலில் சொன்னார். ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த இரைச்சலில் அக்காவின் குரல் சரியான அளவில் இருந்தது.

அப்புறம் அவரைப் பிடித்து வைப்பதுதான் பாடு. பழச்சாறு வண்டிக்கு அவரே போனார். படத்தைத் தொட்டு, ஐஸ் வேண்டாமென்று தோளைக் குறுக்கி நடுங்கிக் காட்டி, வாங்கி வந்தார். பின்னால் போன மகளைப் பார்வையாலேயே நிற்க வைத்தார். காது மெஷின் டப்பாவிலேயே கிடந்தது. ஆனால் பைக்குள்ளிருந்த இரண்டு கையும் வெளியே வந்துவிட்டன.

பிற்பகலில் மணிக்கூண்டைப் பார்க்கப் போனோம். மணி அடிக்கும்போது அதன் கதவு திறந்து மரப்பொம்மைகள் வரிசையாக வரும். அதற்காக ஜனம் நெருக்கியடித்து நிற்கும். பொம்மைகள் வந்ததும் பின்னாலிருந்து ஓர் அலை வந்தது. மகள் என் கையைப் பிடித்தாள். அக்காவின் கையை நான் பிடித்திருந்தேன், அடுத்த நொடி பிடித்திருக்கவில்லை.

"அம்மா! அம்மா!" மகள் கத்தினாள். பிறகு நின்று என்னைப் பார்த்தாள். "நான் கூப்பிட்டா அவங்களுக்குக் கேக்காது சித்தி." போனை எடுத்து அழைத்தாள். அக்காவின் போன் என் தோள்பைக்குள்ளிருந்து அடித்தது. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "ஏரிக்கரையிலயே இருந்திருக்கலாம். நான் சொன்னேனே. நான் சொன்னேனே."

"ஓடாதே," என்றேன். "தொலைஞ்சவங்களும் தேடுறவங்களும் சேர்ந்து நடந்தா சந்திக்கவே முடியாது. பிரிஞ்ச இடத்துலயே நில்லு. உயரமான இடத்தைப் பாரு." பயிற்சியில் சொல்லிக்கொடுத்தது. சொன்னேனே தவிர என் கண்ணும் நாலு பக்கமும் அலைந்துகொண்டுதான் இருந்தது. யாராவது இடித்து விழுந்திருந்தால், பின்னால் ஏதாவது வண்டி வந்திருந்தால், இனி அக்கா கட்டிலை விட்டே எழுந்திருக்க மாட்டார் என்று ஓடியது மனது.

மகள்தான் முதலில் பார்த்தாள். சதுக்கத்தின் எதிர்க்கோடியில் நீரூற்றின் படிக்கட்டு. கூட்டத்தின் தலைகளுக்கு மேலே, இரண்டு கைகள். குறுக்காக வைத்து, பிரித்து, மறுபடி குறுக்காக.

டீ நேரம். வா.

நான் குள்ளம். நான் கை தூக்கினால் முன்னால் நிற்பவர் முதுகுக்குத்தான் தெரியும். மகள் வளர்த்தி. விளக்குக் கம்பத்தின் அடிப்பீடத்தில் தாவி ஏறினாள். பையைக் காலிடுக்கில் வைத்தாள். அத்தனை வெளிநாட்டு ஜனத்துக்கும் நடுவில், இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, குறுக்காக வைத்துப் பிரித்தாள். மறுபடி. மறுபடி. கன்னத்தில் கண்ணீர் ஓட ஓட ஆட்டிக்கொண்டே இருந்தாள். பக்கத்தில் நின்ற ஓர் இளைஞர் கூட்டம் அந்த ஊர் வழக்கம் போலிருக்கிறது என்று நினைத்துத் தானும் கையைத் தூக்கி ஆட்டியது. அவர்களைப் பார்த்து இன்னும் பத்துப் பேர் ஆட்டினார்கள்.

அங்கிருந்து பதில் வந்தது. உள்ளங்கை கீழே இரண்டு தரம்: அங்கேயே நில்லுங்கள். விரல் நெஞ்சில்: நான். இரண்டு விரல் நடை போட்டன: வருகிறேன்.

மகள் குதித்து ஓடப் பார்த்தாள். நான் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன். "நில்லுன்னு சொன்னாங்கல்ல? நில்லு."

கூட்டத்தில் அக்கா மறைந்தார். ஒரு தொப்பிக்கும் குடைக்கும் நடுவில் கொஞ்சம் தெரிந்தார், மறைந்தார். பிறகு இரண்டு முதுகுகளை விலக்கிக்கொண்டு எங்கள் எதிரே வந்து நின்றார். தனியாக. தன் காலில். ஒருமுறைகூடப் பின்னால் திரும்பிப் பார்க்காமல்.

"எங்கடி போனீங்க ரெண்டு பேரும்?" என்றார், இடுப்பில் கை வைத்து. "கூட்டத்துல தொலைஞ்சு போயிட்டீங்களே! போன் ஒண்ணு வெச்சிருக்கீங்களே, எதுக்கு?"

மகள் அழுதுகொண்டே சிரித்தாள். மூன்று பேரும் உண்மையாகவே டீ குடிக்கப் போனோம். பரிமாற வந்தவர் முறுக்கிவிட்ட பெரிய மீசைக்காரர். அவர் நெருங்கி வரும்போது அக்கா என்னைப் பார்த்து, முகத்தில் எதையும் காட்டாமல், மேலுதட்டை மெல்லத் தடவினார். மகளுக்கு வாயிலிருந்த தேநீர் மேஜை மேல் வந்துவிட்டது. நான் கைக்குட்டையால் துடைத்தேன். எவ்வளவு சிரித்தும் சிரிப்பு நிற்கவில்லை.

அந்த நகரத்துக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். யாரையும் நின்று விசாரிக்காத ஊர், இடித்துவிட்டு மன்னிப்பும் கேட்காத ஊர். அந்த அலட்சியம் அக்காவுக்கு வேண்டியிருந்தது. கம்பளி கொண்டுவந்து போர்த்திய சிற்றூருக்கும் நன்றிதான். அவர்கள் கொடுத்தது நல்லது, எங்களுக்குத்தான் அது பொருந்தவில்லை. மில்லுக்கு நன்றி சொல்ல மாட்டேன். காதை வாங்கிக்கொண்டு கையைக் கொடுப்பது என்ன வியாபாரம்? ஆனால் அந்தக் கூடத்தில் அக்காவோடு நின்று, யாரும் கேட்காமலே ஒரு பாஷையை உண்டாக்கிய பெண்களுக்கு, அவர்கள் எங்கிருந்தாலும், என் வணக்கம். மாமியாருக்கும் ஒன்று சேர்த்துக்கொள்கிறேன்.

மறுநாள் காலை நான் கண் விழித்தபோது அக்காவின் படுக்கை மடித்திருந்தது. செருப்பைக் காணோம். மகள் அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். நான் ஜன்னலைத் திறந்தேன்.

கீழே சாலையைக் கடக்கும் கோட்டில் அக்கா நின்றிருந்தார். விளக்கில் நடக்கும் ஆளின் உருவம் பச்சையாக மாறும்வரை காத்திருந்தார். வலப்பக்கம் பார்த்தார், இடப்பக்கம் பார்த்தார், கடந்தார். எதிர்சாரியில் டீயும் விற்கும் ரொட்டிக் கடை. வாசலில் நின்று அண்ணாந்து ஜன்னலைத் தேடினார். நான் இருப்பேன் என்று தெரியும் போல.

இரண்டு கையையும் தலைக்கு மேல் குறுக்காக வைத்துப் பிரித்தார். பிறகு விரல்களை விரித்துக் கேட்டார். எத்தனை?

மூன்று விரல் காட்டினேன்.

மூன்று விரலைச் சேர்த்து எதையோ கிள்ளித் தூவுவது போலக் காட்டினார். சர்க்கரை? தனக்கு.

அவருடைய மாத்திரைகளை எடுத்துக் கொடுப்பவள் நான். கூடாது என்று விரலை ஆட்டினேன்.

அக்கா நடைபாதையில் நின்று, எல்லாரும் பார்க்க, நீளமாக மீசையை முறுக்கிக் காட்டிவிட்டுக் கடைக்குள் போனார்.

நான் கீழே இறங்கவில்லை. மேஜை மேல் கிடந்த சாமான்களை ஒதுக்கி, ஈரத்துணியால் துடைத்து, மூன்று கோப்பைக்கு இடம் செய்து வைத்தேன்.